அந்தக் கப்பலுக்கு எத்தனை புகைக்கூண்டு?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அம்மாவுக்குக் கடிதமும் பலசரக்குச் சீட்டும்தான். பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களிடம் எழுதி வாங்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் என் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி போனில் கூப்பிட்டு, "யக்கா, நம்மூர்ல இருந்து ஸ்காட்லாந்துக்குப் போனது நீ ஒருத்திதான். நாலு பக்கம் எழுதிக் குடு" என்றான். படித்த பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுடா என்றேன். "அவியளுக்கு நேரம் இல்லையாம். நீ சும்மாதான இருக்க" என்றான்.

எனக்கு மறதியும் உண்டு. எவ்வளவு மறதி என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் பேச்சு. மகள் என்னை இங்கிலாந்தில் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறேன். போவதா இருப்பதா என்பது ஒரு கப்பலின் புகைக்கூண்டுக் கணக்கில் வந்து நிற்கிறது. வேடிக்கையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு தீவு. பெயரை எழுதவில்லை. இங்கத்து ஆட்கள் சொல்கிறபடி அதைத் தமிழில் எழுத எனக்குத் தெரியாது. எதிரே பெரிய நிலம், நடுவில் கடல். புதூரிலிருந்து நாகலாபுரத்துக்கு பஸ் போய்ச் சேருகிற நேரத்தில் கப்பல் அக்கரை சேர்ந்துவிடும். இதை ஃபெர்ரி என்பார்கள். ஆள் ஏறலாம், காரும் லாரியும் ஏறலாம். ரொட்டி, பால், தபால், பல் டாக்டர், செம்மறி ஆடு, எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும்.

காற்று பலமாக அடித்தால் இன்றைக்குக் கப்பல் இல்லை என்று செல்போனில் செய்தி வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் பதறிப்போவார்கள். எனக்கு அப்படிப் பதற்றம் வந்ததில்லை. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் நம் கரிசலில் பஸ் வராது. சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். மண் காய்கிற வரைக்கும் நம் ஊரும் தீவுதானே.

என் அடுக்களை ஜன்னல் கடலைப் பார்த்தது. கை அரிசி களைந்துகொண்டிருக்கும், கண் வெளியே இருக்கும். வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். போகிற வருகிற கப்பலைக் குறித்து வைப்பேன். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பெயர் எழுதியிருக்கும். அது இங்கிலீஷும் இல்லை, இந்தப் பக்கத்துப் பழைய பாஷை. எனக்கு வாசிக்க வராது. ஆகவே தீப்பெட்டிக்கு மார்க்கு வைக்கிற மாதிரி நானே ஆளுக்கு ஒரு மார்க்கு வைத்துக்கொண்டேன். முன்பக்கத்தை மேலே தூக்கிக் காரைத் துப்புகிறது 'வாய்பிளந்தான்'. சதுரமாக இருப்பது 'தகரப்பெட்டி'. நடுவில் தூக்கலாக இருப்பது 'கூனி'. ஆள் மட்டும் ஏறுகிற குட்டிப் படகு 'சின்னவள்'. நோட்டில் பெயருக்குப் பதில் சின்னதாகப் படம் போடுவேன். அதன் பக்கத்தில் நாலு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. தீப்பெட்டிக் கட்டு எண்ணிய பழக்கம் அது.

மகள் ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கும்மா?" என்றாள். என்னத்துக்கு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. போகிற ஒன்றை ஒருத்தர் பார்த்ததாக இருக்கட்டுமே என்றேன்.

3

மகள் பெயர் கலா. இங்கே பிறந்தவள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. நானும் அவள் அப்பாவும் வீட்டில் பேசிய தமிழ்தான் அவள் தமிழ். வாரேன், போறேன், சொல்லுதேன் என்பாள். ஊருக்குக் கூட்டிப்போனபோது தம்பி பிள்ளைகள் சிரித்தார்கள், "அத்தை மக கெழவி மாதிரி பேசுது" என்று. ஊரில் தமிழ் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் மாறவில்லை. ஆனால் கலாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாளைக்கு நாளைக்கு என்று போய்விட்டது.

சின்ன வயதில் அவள் தூங்குவதற்குக் கதை கேட்பாள். எனக்குத் தெரிந்த கதை தீப்பெட்டி ஆபீஸ் கதைதான். கோவில்பட்டி ஆபீஸிலிருந்து வண்டியில் காலிப் பெட்டிகளும் லேபிள் கட்டும் வந்து இறங்கும். வீட்டில் உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் பசியில் நக்கிவிடக்கூடாது என்று. விரல் எல்லாம் நீலம் பிடித்துவிடும். அஞ்சாம் வகுப்பு முடித்து ஏழெட்டு வருஷம் நான் ஒட்டிய லேபிளில் ஒரு கப்பல் படம். பக்கவாட்டில் பெரிய சக்கரம், மேலே மஞ்சள் வானம். ஊரில் அதைச் சக்கரக்கப்பல் மார்க்கு என்போம். அப்போது நான் கடலைப் பார்த்ததில்லை. முதல் முதல் பார்த்தது திருச்செந்தூரில், கல்யாணம் நிச்சயமான பிறகு.

லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் கழித்துவிடுவார்கள். கட்டைச் சரிபார்க்க வருகிற கணக்கப்பிள்ளை அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக் காட்டி, "ஏட்டி, ஒங் கப்பல் முங்கிட்டு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சில நாள், "இன்னைக்கு எத்தன கப்பலக் கவுத்த?" என்று வாசலில் நின்றே கேட்பார். அதனால் லேபிளைக் கையில் எடுத்ததும் கண் புகைக்கூண்டுக்குத்தான் போகும். அது மேலே இருந்தால் சரி.

அது ஒன்றா இரண்டா என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மேலே இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். இப்போது அதுதான் வினையாகிவிட்டது.

4

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் சமையல் ஆளாகப் போனவர். பிறகு முறையாகத் தாள் வாங்கி இந்தத் தீவு ஃபெர்ரியில் அடுக்களை வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு விசா. மெட்ராஸில் அதிகாரி, புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். நம் பக்கத்தில் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த தமிழ் ஆள் சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டுவிட்டார்கள். இன்றுவரை வாயால் சொன்னதில்லை. இங்கேயும் எழுதவில்லை, உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே.

நான் இங்கே வந்து இறங்கிய அன்றைக்கு அவியளுக்கு, அதாவது வீட்டுக்காரருக்கு, அந்தக் கப்பலிலேயே வேலை. அந்தக் காலத்துக் கப்பலில் காரை நேராக ஓட்டி ஏற்ற முடியாது. நடுவில் ஒரு தட்டு இருக்கும். கார் அதில் ஏறி நின்றதும், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி உள்ளே இறங்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அடுக்களைத் துணியோடு வெளியே வந்தவர் மேலே காட்டினார். சிவப்புப் புகைக்கூண்டு, உச்சியில் மட்டும் கறுப்பு.

"ஏட்டி, என்ன மாதிரி இருக்கு சொல்லு?"

"தெரியலயே."

"மருந்து முக்குன தீக்குச்சி. கோயில்பட்டியில உட்டுட்டு வந்தேன்னு நெனச்சியா? முன்னாலேயே வந்து நிக்கி பாரு."

அதற்குப் பிறகு இருபத்துநாலு வருஷம் அந்தக் கப்பலில் சூப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டார். எந்நேரமும் உடம்பில் எண்ணெய் வாசனைதான். காற்றில் கப்பல் ஆடுகிற நாளில் சூப்புச் சட்டியைப் பாதி மட்டும் நிரப்ப வேண்டும் என்பார். வீட்டிலும் ரசச் சட்டியைப் பாதிதான் நிரப்புவார். வீடு ஆடாது என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இந்தத் தீவில் எரியூட்டுகிற இடம் இல்லை. அவியளையும் ஃபெர்ரியில்தான் அக்கரைக்குக் கொண்டுபோனோம். சவ வண்டியை முதலில் ஏற்றி, முதலில் இறக்குவார்கள். மற்ற கார்கள் எல்லாம் எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கும். அடுக்களை ஆட்கள் வெள்ளை உடுப்போடு வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவர் எனக்கு டீ கொடுத்தார். கோப்பையில் பாதிதான் இருந்தது.

5

இந்த வருஷம் மாசி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே மூடுபனி. முதல் கப்பல் இல்லை என்று செய்தி வந்துவிட்டது. கப்பல் இல்லாத நாளில் துறைமுகத்தில் ஈ காக்கை இருக்காது. உலையை ஏற்றிவிட்டு ஜன்னலில் நின்றேன். உலை கொதிக்கிற நேரத்துக்குப் பனி விலகியது.

ஒரு சின்னப் படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே போனது. கயிற்றின் மறுமுனையில் ஒரு பழைய கப்பல். பக்கவாட்டில் சக்கரத்துக்குக் கூடு. சந்தன நிறத்தில் இரண்டு புகைக்கூண்டு. இரண்டின் தலையிலும் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. புகை இல்லை. சக்கரம் சுற்றவில்லை. மேலே ஆள் யாரும் இல்லை. மறுபடி பனி மூடிக்கொண்டது. நோட்டை எடுத்துப் படம் போட்டேன். இரண்டு கூண்டுக்கும் தலைப்பாகை வைத்து, பக்கத்தில் ஒரே ஒரு கோடு போட்டேன்.

சாயங்காலம் கலா போனில் வந்தாள். தினம் வருவாள்.

"இன்னைக்கு ஒரு சக்கரக்கப்பல் போச்சு ளா."

"என்ன கப்பல்?"

"பக்கத்துல சக்கரம் வச்சது. ரெண்டு பொகைக்கூண்டு."

"அம்மா, அது ஒங்க தீப்பெட்டிக் கப்பல்."

"இல்ல ளா. கடல்ல போச்சு. ஒரு படகு இழுத்துட்டுப் போச்சு."

"அங்கன சக்கரக்கப்பலே கெடையாதும்மா. நீங்க அந்த ஊருக்கு வரதுக்கு முந்தியே எல்லாத்தையும் ஒடச்சிட்டாங்க. நான் இப்ப கம்ப்யூட்டர்லயும் பாக்கேன், ஒண்ணும் போடல. லேபிள்ல இருந்ததத்தான் சொல்லுதீங்க. சின்னப் பிள்ளையில எனக்கு எத்தன மட்டம் சொல்லியிருக்கீங்க, சக்கரம், ரெண்டு பொகைக்கூண்டுன்னு."

"லேபிள்ல ஒண்ணுதான்."

"ரெண்டுன்னுதான் சொன்னீங்க."

நான் இரண்டு என்று சொன்னேனா? அவளுக்கு அப்போது நாலைந்து வயது. எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று அவளிடம் சொல்லவும் பயமாக இருந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. தை மாதம் இரண்டு முறை பாலை அடுப்பில் வைத்து மறந்தேன். ஒரு முறை புகை வந்தால் அடிக்கிற மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். போனில் அவளையே என் செத்துப்போன தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். காற்றடிக்கிற நாளில் எனக்கு ஒன்று என்றால் அவள் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்றைக்கு அப்படித்தான் நின்றாள்.

6

மாசி முடிகிற சமயத்தில் கலா விடுப்புப் போட்டு வந்து, அக்கரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனாள். மறதியைப் பரிசோதிக்கிற இடம். நர்சம்மா நல்ல மாதிரி. எனக்கு இங்கிலீஷ் கடைக்குப் போகிற அளவுக்குத்தான் வரும் என்பதால், மேஜையில் ஒரு போனை வைத்து அதில் மொழிபெயர்க்கிற தம்பியைக் கூப்பிட்டார்கள். அந்தத் தம்பி யாழ்ப்பாணம்.

"வணக்கம் அம்மா. இப்ப என்ன மாதம் எண்டு கேக்கினம், சொல்லுங்கோ."

"மாசி."

அவர் பிப்ரவரி என்று சொல்லிவிட்டார். அவர்கள் பக்கத்தில் பிப்ரவரியை மாசி என்பார்களாம். அன்றைக்கு மார்ச் பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நர்சம்மா ஏதோ எழுதினார். கலா உதட்டைக் கடித்தாள். அவளுக்கும் மாசிக் கணக்குத் தெரியாது. நான் சொன்னது சரிதான் என்று வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்த பிறகுதான் எனக்கே நிச்சயமானது.

"நூறில இருந்து ஏழேழாக் கழிச்சுக்கொண்டு வரட்டாம்."

"ஏழு கழிச்சுப் பழக்கம் இல்லய்யா. தீப்பெட்டிக் கட்டு டஜன் கணக்கு, பன்னெண்டு கழிக்கச் சொல்லுங்க. நூத்திநாப்பத்திநாலு, நூத்திமுப்பத்திரெண்டு, நூத்தியிருவது, நூத்தியெட்டு, தொண்ணூத்தாறு, எம்பத்திநாலு..."

"அம்மா, அம்மா, கொஞ்சம் பொறுங்கோ," என்று அந்தத் தம்பி சிரித்தார். "எனக்கே இப்பிடி வராது." நர்சம்மாவும் சிரித்தார். ஆனால் தாளில் ஏழுக்குத்தான் கட்டம் இருந்தது, பன்னிரண்டுக்கு இல்லை.

அடுத்து, புருஷன் பெயர் என்ன என்றார்கள்.

நான் கலாவைப் பார்த்தேன். கலா, "சொல்லுங்கம்மா" என்றாள். நான் சும்மா இருந்தேன். "அம்மா, அப்பா பேரு. அப்பா பேரு தெரியலயா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. மெட்ராஸ் நினைவு வந்து, நர்சம்மா கையிலிருந்த பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் எழுதினேன். நல்ல எழுத்தாகவே வந்தது. தாளைக் கலா பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் அதை வாசிக்க யாரும் இல்லை. வாசிக்கக்கூடிய தம்பி போனுக்குள் இருக்கிறார். அவர்தான், "எங்கட அம்மம்மாவும் சாகும்வரை சொல்லேல்லை. அது மறதி இல்லை, மரியாதை" என்று நர்சம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். நர்சம்மா தாளை அப்படியே ஃபைலில் வைத்துக்கொண்டார். கட்டத்தில் என்ன போட்டார் என்று தெரியாது.

கடைசியில் கலா கப்பல் சங்கதியைச் சொன்னாள். அதை மட்டும் நிறைய எழுதிக்கொண்டார்கள். முடிவு என்னவென்றால், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதாம். ஆறு மாதம் கழித்து வர வேண்டும், தனியாக இருப்பதைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்புகிறபோது 'தகரப்பெட்டி'தான் வந்தது. கலா சூப்பு வாங்கி வந்தாள்.

7

கலா இங்கிலாந்துக்குத் திரும்பிய மறுநாள் டூகலைப் பார்க்கப் போனேன். அவர் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசுகிற கயிற்றைப் பிடித்துத் தூணில் மாட்டுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரருக்குச் சேக்காளி. என்னை 'ஹென்' என்று கூப்பிடுவார். கோழி என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் பிரியமாகக் கூப்பிடுவார்கள் என்று பிறகு அவியதான் சொன்னார்கள். டூகல் பேசியதை எனக்குப் புரிந்தபடி நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர் குரலுக்கு அதுதான் சேர்கிறது.

"அந்தச் செவ்வாக்கெழமையா? பனியில நான் வெளியவே வரல தாயி. கப்பல் இல்லாதப்ப நமக்கு அங்கன என்ன சோலி?"

"வேற யாரும் பாத்திருப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கேன். ஒண்ணு செய்வமா? நான் பாத்தேன்னு ஒங்க மககிட்டச் சொல்லிப்புடுதேன். எனக்கென்ன, பொய் சொன்னா பென்ஷன நிப்பாட்டவா போறான்?"

வேண்டாம் என்றேன். எனக்கே நிச்சயம் இல்லாததற்கு அவர் எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்? நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன, தொப்பியா?"

"துணி. தலையில கட்டியிருந்துச்சு."

"ஒண்ணுலயா ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அடுப்பு அணைஞ்ச கப்பல இழுத்துட்டுப் போகையிலதான் அப்பிடிக் கட்டுவாங்க. மழ உள்ள எறங்கிரக் கூடாதுல்லா. இது ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

நோட்டைத் தூரத்தில் வைத்து ஒரு முறை, கிட்டத்தில் வைத்து ஒரு முறை பார்த்தார். வடக்கே ஒரு ஊரில் இந்த மாதிரி ஒரு சக்கரக்கப்பலைக் கரையில் கட்டிப் போட்டு, ரொம்ப காலம் ஹோட்டல் நடத்தினார்களாம். அதை உடைக்கவோ பழுது பார்க்கவோ கொண்டுபோயிருக்கலாம் என்றார். பழைய கப்பல்களைப் பற்றித் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அந்த ஆள் குளிருக்குப் பயந்து ஸ்பெயினில் இருக்கிறாராம், எப்போது திரும்புவார் என்று தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் துணி கட்டுகிற விஷயத்தைக் கலாவிடம் சொன்னேன்.

"டூகலுக்கு எம்பத்திரெண்டு வயசும்மா. நீங்க என்ன சொன்னாலும் தலைய ஆட்டுவாரு."

"அப்ப யாரு சொன்னா நம்புவ?"

அவள் யோசித்தாள். "எனக்கு மட்டும் ஒங்கள அங்கருந்து பிடுங்கணும்னு ஆசையா? சரி. அந்த லேபிளக் காட்டுங்க. அதுல ஒத்தப் பொகைக்கூண்டு இருந்துச்சுன்னா, நீங்க பாத்தது வேற கப்பல்னு ஒத்துக்கிடுதேன். இந்த வருசம் இதப் பத்திப் பேச மாட்டேன்."

"ரெண்டு இருந்தா?"

"ரெண்டு இருந்தா அப்பா நெனவு நாளைக்கு வாரேன்ல, அப்பவே எங்கூட வந்துரணும்."

சரி என்றேன். கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

8

வீட்டுக்காரர் நினைவு நாள் சித்திரையில் வருகிறது. நான் இதைப் பங்குனி பாதியில் எழுதுகிறேன். மலர் எப்போது அச்சாகும் என்று தெரியாது. அதனால் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் முதலிலேயே ஊரில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டச் சொல்லித் தம்பியைக் கேட்டிருக்கிறேன்.

இந்த வாரம் 'வாய்பிளந்தான்' பதினேழு முறை, 'கூனி' ஒன்பது முறை. 'சின்னவள்' வரவில்லை, பழுது என்கிறார்கள். பாலை அடுப்பில் வைத்தால் இப்போது பக்கத்திலேயே நிற்கிறேன். பெட்டி ஒன்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். இன்னும் எதுவும் வைக்கவில்லை.

நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். புதூர் பஸ் நாகலாபுரம் போக இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, பசையில் போட்டது மயில்துத்தம்தானா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை மட்டும் யாராவது அவசியம் பார்த்துச் சொல்ல வேண்டும். சக்கரக்கப்பல் மார்க்கு லேபிள். மஞ்சள் வானம், நீலக் கடல், கப்பல் இடது பக்கம் பார்த்துப் போகும். அந்த ஆபீஸை மூடி ரொம்ப காலம் ஆகிவிட்டது. ஆனாலும் என்னோடு ஒட்டியவர்கள் சிலர் மிச்ச லேபிளை மரப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் அழகுக்கு ஒட்டி வைத்திருந்தார்கள். யார் வீட்டுப் பரணிலாவது அந்தப் பெட்டி இருக்கலாம். எடுத்துத் தூசி தட்டி, புகைக்கூண்டை எண்ணுங்கள். நினைவில் இருந்து சொல்ல வேண்டாம், படத்தைப் பார்த்தே சொல்லுங்கள்.

பதிலை எழுத்தில் எழுதாமல் எண்ணில் எழுதுங்கள். கலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. 1 என்றாலும் 2 என்றாலும் தாளை அவளிடம் அப்படியே காட்டிவிடுவேன்.